பின்பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள்

எண்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் தம் தாத்தாவின் கடைப் படத்தைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த இரும்புக்கடை அது. அஞ்சலட்டை அளவுப் புகைப்படம். கறுப்புக் காகித ஆல்பத்தில் ஒட்டியிருந்ததைப் பிய்த்தெடுத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்திருந்தார். ஆல்பத்தைக் குப்பையில் போட்டுவிட்டாராம்.

பழைய புகைப்படங்களைச் சீர்செய்து பாதுகாப்பது என் தொழில். இந்தப் படத்துக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. சூட்டில் உருகிய பசை, வெள்ளித் துகள்களால் ஆன படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலத்தோடு ஒன்றிவிட்டது. படத்துக்குச் சேதமில்லாமல் பிளாஸ்டிக்கைப் பிரிப்பது ஏறக்குறைய நடவாத காரியம். அதைவிட என்னை வருத்தியது அட்டையின் பின்பக்கம். எழுத்து இருந்த மேல்தோல் முழுவதும் உரிந்து, வெறும் நார்தான் மிஞ்சியிருந்தது.

இப்படிப்பட்ட புகைப்பட அஞ்சலட்டைகள் அச்சகத்தில் அடித்தவை அல்ல. கோடக் நிறுவனம் 1903-இல் வெளியிட்ட 3ஏ என்ற மடக்குக் கேமராவின் நெகட்டிவ், அஞ்சலட்டை அளவிலேயே இருந்தது. பின்பக்கத்தில் அஞ்சலட்டைக் கோடுகள் அச்சிட்ட புகைப்படத்தாளும் கடைகளில் கிடைத்தது. நெகட்டிவைத் தாளோடு சேர்த்து வைத்து ஒளி காட்டிக் கழுவினால் அட்டை தயார். ஊர் ஊராகச் சென்ற படக்காரர்கள் கடை வாசலில் முதலாளியையும் வேலையாட்களையும் நிறுத்திப் படமெடுத்து, சில அட்டைகள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1908 ஜூனில் முடிந்த ஓராண்டில் அமெரிக்க அஞ்சலில் போன அஞ்சலட்டைகள் 67 கோடிக்கும் மேல். அந்த நாட்டின் மக்கள்தொகை அப்போது 9 கோடியைக்கூட எட்டவில்லை. அவற்றில் பெரும்பாலானவை அச்சடித்த அட்டைகள்தான். ஓர் இரும்புக்கடைக்கென்று எடுத்த படத்துக்கோ ஒருசில பிரதிகளே இருந்திருக்கும். உங்கள் கையில் இருப்பது கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம்.

பெரிதாக்காமல் எடுத்த பிரதி என்பதால் இதில் உள்ள நுணுக்கம் வியக்க வைக்கும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். அச்சடித்த அட்டையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதில் புள்ளியே இருக்காது, கடைதான் விரியும். தரையில் ஆணிப் பீப்பாய்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு கீல், ஒரு கொக்கி, ஒரு கைப்பிடி. மேலே கம்பியில் உருண்டோடும் ஏணி. குதிரைச் சேணம், முள்கம்பிச் சுருள், நிக்கல் பூச்சு மின்னும் இரும்பு அடுப்பு, பாலிலிருந்து ஆடை பிரிக்கும் இயந்திரம். செயின்ட் லூயிஸ் நகரத்து சிம்மன்ஸ் நிறுவனத்தின் ‘கீன் கட்டர்’ கோடரிகள் ஒரு மூலையில். உழவுக்கும் சமையலுக்கும் வீடு கட்டுவதற்கும் தேவையான எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்த ஊர் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை இவ்வளவு நெருக்கத்தில் காட்டும் வேறு ஆவணத்தை நான் கண்டதில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து ஃபிலிம் பெரும்பாலும் சிவப்பை உணராது. படத்தில் கருமையாகத் தெரியும் பெயர்ப்பலகை உண்மையில் பளிச்சென்ற சிவப்பாக இருந்திருக்கலாம்.

முன்பக்கம் இத்தனை சொன்னாலும், எந்த ஊர், எந்த ஆண்டு, நிற்பவர் யார் என்பதைப் பெரும்பாலும் பின்பக்கம்தான் சொல்கிறது. அமெரிக்காவில் 1907 மார்ச் 1-க்கு முன் அட்டையின் பின்பக்கத்தில் முகவரி மட்டுமே எழுதலாம். நடுவில் கோடு போட்டு ஒரு பாதியில் சேதி எழுத அதன்பிறகுதான் அனுமதி வந்தது. தபால்தலை ஒட்டும் கட்டத்தில் தாளின் பெயர் இருக்கும். ‘அசோ’ என்ற பெயரைச் சுற்றியுள்ள நான்கு முக்கோணங்களும் மேல்நோக்கி இருந்தால் தாள் சுமார் 1904 முதல் 1918 வரையிலானது. இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் சுமார் 1918 முதல் 1930 வரை. ஒரு சென்ட்டுக்குப் போன அட்டைக்கு 1917 நவம்பர் முதல் 1919 ஜூன் வரை போர்க்காலக் கட்டணமாக இரண்டு சென்ட் வாங்கினார்கள். இவற்றோடு அஞ்சல் முத்திரையும் இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் முக்கோணம் தாளின் வயதைத்தான் சொல்லும். பழைய நெகட்டிவிலிருந்து பிற்பாடு புதுத் தாளில் பிரதி போட்டிருக்கவும் கூடும்.

ஆகவே ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். ஆல்பத்தோடு அப்படியே கொண்டுவாருங்கள். அட்டையோடு கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாலும் சுரண்ட வேண்டாம். அளவாக ஈரம் கொடுத்து மெல்ல மெல்ல நீக்கினால் அடியிலிருக்கும் எழுத்தைப் பலமுறை மீட்டிருக்கிறோம். அட்டையின் மேல்தோல் ஆல்பத்துத் தாளில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா? அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள், எழுத்து அதில்தான் இருக்கிறது.

படத்தின் இருண்ட பகுதிகளில் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் அழுக்கு என்று துடைக்கத் தோன்றும். அது அழுக்கல்ல, படத்தின் வெள்ளியே மேலே கசிந்து வந்து படிந்திருக்கிறது. அழிப்பானும் ஸ்பிரிட்டும் அதன் அருகே வரக்கூடாது. செலோடேப் கூடவே கூடாது. பி.வி.சி. உறை காலப்போக்கில் படத்தைக் கெடுக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். குறிப்பு எழுதுவதானால் அதற்கு வெளியே இடும் காகித உறைமேல், பென்சிலால், படத்தை உள்ளே வைப்பதற்கு முன்னால். பரணும் நிலவறையும் வேண்டாம், வெப்பமும் ஈரமும் கூடிக் குறையாத அறை போதும். கண்ணாடிச் சட்டத்தில் போடும்போது கண்ணாடி படத்தைத் தொட்டால் ஈரநாளில் ஜெலட்டின் அதில் ஒட்டிக்கொள்ளும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் வீட்டு ஆல்பங்களில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களும் பெரும்பாலும் இதே ஜெலட்டின் தாள்தான் என்பதால் அங்குள்ளவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பழைய அட்டைகளைப் புதிதாக விலைக்கு வாங்குபவர்கள் புற ஊதா விளக்கடியில் அட்டையைப் பாருங்கள். நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால், தாளில் வெளிர்ப்பூட்டும் ரசாயனம் கலந்திருக்கிறது என்று பொருள். புகைப்படத்தாளில் அந்த வழக்கம் 1950-களை ஒட்டித்தான் வந்தது. ஆகவே அப்படி ஒளிரும் அட்டை அந்தப் பழைய காலத்தது அல்ல.

அந்த அம்மையாரின் படத்துக்கு வருகிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் நிற்கிறான். அது தம் தந்தைதானா என்று கேட்டார். தாத்தாவுக்கு மூன்று மகன்கள்: 1899, 1905, 1910-இல் பிறந்தவர்கள். லென்ஸில் தேடியபோது சுவரில் ஒரு நாட்காட்டி கிடைத்தது. மே மாதம், முதல் தேதி சனிக்கிழமை. கணக்குப் போட்டோம். மகன்களின் வயதோடு சேர்த்துப் பார்த்தால் அது 1909, 1915, 1920 ஆகிய மூன்று ஆண்டுகளுக்குப் பொருந்துகிறது. மூத்தவருக்கு 1909-இல் பத்து வயது. அம்மையாரின் தந்தைக்கு 1915-இல். இளையவருக்கு 1920-இல்.

தபால்தலைக் கட்டம் மட்டும் இருந்திருந்தால் 1920 உண்டா இல்லையா என்றாவது ஓரளவு சொல்லியிருப்பேன். நாலு வரிச் சேதி இருந்திருந்தால் பையனின் பெயரே கிடைத்திருக்கலாம். அட்டையை ஸ்கேன் செய்து, பாலியெஸ்டர் உறையில் இட்டு, வெளியே ஒரு காகித உறை போட்டு, அதன்மேல் மூன்று ஆண்டுகளையும் மூன்று பெயர்களையும் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். பிய்த்த ஆல்பத்தில் இன்னும் பதினான்கு படங்கள் இருந்தனவாம். அவற்றையும் உரித்துத்தான் வைத்திருக்கிறார். ஆனால் லேமினேஷன் இன்னும் செய்யவில்லை. அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.