தாத்தா காலத்து டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டாவைப் போடலாமா?

நீலகிரி, வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் குடும்பங்களிலிருந்து பழுது பார்க்க வரும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் சில டமாஸ்கஸ் குழல் கொண்டவை. பெரும்பாலும் பர்மிங்காமிலோ பெல்ஜியத்தின் லியேஜிலோ செய்யப்பட்டு, வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே வந்து சேர்ந்தவை. குழல் நெடுக பழுப்பும் வெள்ளியுமாய் சுருள் வரிகள் ஓடும். கொண்டு வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், இப்போ கடையில கிடைக்கிற தோட்டா போடலாமா?"

உரிமம் பெற்று இந்த வேலையைச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அளந்து பார்க்காமல் போடவே கூடாது. அளந்த பிறகும் பல குழல்களுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இந்தக் குழல் எப்படி உருவானது என்று தெரிந்தால் காரணம் புரியும். இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, பழுக்கக் காய்ச்சி ஒட்டவைத்து, கம்பியாக்கி முறுக்குவார்கள். முறுக்கிய இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்துப் பட்டையாக அடித்து, ஓர் இரும்புத் தண்டின் மேல் சுற்றி, சுற்றுக்குச் சுற்று சுத்தியலால் அடித்து இணைப்பார்கள். நம் கைமுறுக்கு சுற்றும் விதமேதான். ஆக, ஒரு குழல் முழுக்க ஒட்டுகள். அடிக்கும்போது எங்காவது கசடு சிக்கியிருந்தால், அது நூறு வருஷம் கழித்தும் அங்கேயேதான் இருக்கும்.

சிலர் இதை நம் தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய பழம்பெரும் எஃகோடு சேர்த்துப் பேசுகிறார்கள். டமாஸ்கஸ் வாள்களுக்குப் போன அந்த எஃகு வேறு, இந்தக் குழல் வேறு. அந்தப் பெருமையை வைத்து இதன் பலத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

அதற்காக டமாஸ்கஸ் என்றாலே சொத்தை என்பதும் சரியல்ல. பர்மிங்காம் சோதனைச் சாலை பல வகைக் குழல்களை வெடிக்கும்வரை சோதித்து 1891இல் முடிவை வெளியிட்டது. அதில் முதலிடம் பிடித்தது, டமாஸ்கஸ் போலவே பட்டை சுற்றி ஒட்டிச் செய்த ஆங்கிலேய அடுக்கு எஃகுக் குழல். விட்வொர்த்தின் புகழ்பெற்ற வார்ப்பெஃகுக் குழல் அதற்கு அடுத்த இடத்தில்தான் வந்தது. ஆனால் அவை அன்று புதிதாகச் செய்த, நல்ல பட்டறைக் குழல்கள். உங்கள் வீட்டு பீரோவில் இருப்பது அதே குழலாக இருந்தாலும் அதே நிலையில் இல்லை.

பழைய கரிமருந்தின் (புகை கக்கும் கறுப்பு வெடிமருந்து) கசடு ஈரத்தை இழுக்கும். மருந்தைப் பற்றவைக்கும் பழைய கேப்புகளின் உப்பும் அப்படித்தான். சுட்ட அன்றே கழுவாத குழலில் சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறை) சற்று முன்னால் துரு குழி பறிக்கும், அதுவும் ஒட்டு ஓடும் வழியே. தேர்தல் சமயத்தில் ஒப்படைத்து, மாதக்கணக்கில் எண்ணெய் காணாமல் திரும்பும் துப்பாக்கிகளில் இது வேகமாக நடக்கிறது. பிறகு யாரோ ஒருவர் "உள்ளே பளபளன்னு ஆக்கித் தர்றேன்" என்று தேய்த்துவிடுவார். குழி மறையும், சுவரும் மெலியும். கண்ணுக்கு அது புதுக்குழல். தடிமன் அளக்கும் கருவியைச் செருகி மெல்ல இழுத்தால், ஒரு பக்கம் 0.8 மி.மீ. காட்டிய முள், குழலைத் திருப்பியதும் அரை மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கும். அந்த இடம் பெரும்பாலும் இடது கை பிடிக்கும் பகுதியிலோ அதற்குச் சற்று முன்னாலோ இருக்கும்.

குழலின் அடியில் உள்ள முத்திரைகளையும் பாருங்கள். ஆங்கிலேயக் குழலில் 'என்.பி.' (நைட்ரோ ப்ரூஃப், அதாவது இன்றைய தோட்டாவில் உள்ள புகையில்லா மருந்துக்குச் சோதித்தது) இல்லையென்றால், அது பெரும்பாலும் கரிமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது. '12' என்று குத்தியிருந்தால் சோதனை நாளில் உள்விட்டம் 18.5 மி.மீ., '13' என்றால் 18 மி.மீ. இன்று அளக்கும்போது அதைவிடக் கால் மில்லிமீட்டருக்கு மேல் பெருத்திருந்தால், அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. மலிவான சில துப்பாக்கிகளில் சாதாரணக் குழல் மேல் டமாஸ்கஸ் வரியைப் பொய்யாக ஏற்றியிருப்பதும் உண்டு.

இன்னொரு பொறி சேம்பர் நீளம். பழைய 12 போர் ('போர்' என்பது குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கியில் அது பொதுவாக 65 மி.மீ. இன்றைய 70 மி.மீ. தோட்டா அதில் சிரமமில்லாமல் நுழைந்துவிடும், ஏனென்றால் அந்த 70 என்பது சுட்டு விரிந்த பிறகான நீளம். வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் நெருக்கி, அழுத்தத்தை ஏற்றிவிடும். "உள்ளே போகுதே" என்பது ஆதாரமே இல்லை.

"மரத்தில் கட்டி, கயிறு இழுத்து ரெண்டு தோட்டா சுட்டுப் பார்த்தோம், ஒண்ணும் ஆகலை" என்றும் சொல்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். முதல் வேட்டில் கண்ணுக்குத் தெரியாமல் விட்ட ஒட்டு, எத்தனையாவது வேட்டில் பிளக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தட்டினால் மணிபோல ஒலிக்கிறது என்பதும் உத்தரவாதமல்ல. இரு குழல்களையும் இணைக்கும் ரிப் கழன்றிருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும்.

எந்தக் குழலையும், புதிய எஃகையும்கூட, பிளக்கவைக்கும் தவறு ஒன்று உண்டு. 20 போர் தோட்டா 12 போர் சேம்பரைத் தாண்டி வழுக்கிப்போய் முன்னால் சிக்கிக்கொள்ளும். சேம்பர் காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போரைப் போட்டுச் சுட்டால் கை போய்விடும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதனால்தான். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

பரிசோதனைக்கு வரும்போது துப்பாக்கியைக் காலி செய்து, மடக்கிப் பார்த்து, உறையிலிட்டு, உரிமப் புத்தகத்தோடு கொண்டு வாருங்கள். தோட்டாப் பெட்டியின் அட்டையையும் எடுத்து வாருங்கள். அதில் அச்சிட்ட நீளத்தையும் சேம்பரின் நீளத்தையும் ஒப்பிட்டுத்தான் நான் வேலையைத் தொடங்குவேன்.