பாட்டின் நடுவே கடுகு வெடிக்கிறதா? லேப்டாப்பில் பதிவு செய்பவர்களுக்கு

பதிந்த பாட்டைப் போட்டுக் கேட்டால் இடையிடையே ‘பட் பட்’ என்று கடுகு வெடிக்கும் சத்தம். உடனே பலரும் ரேம் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. லேப்டாப்புக்குப் பலம் போதாமல் இது வருவது குறைவு. நேரத்துக்கு வேலையை முடிக்க முடியாமல் வருவதுதான் அதிகம்.

முதலில் சத்தம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாட்டை ஆஃப்லைனில் ரெண்டர் செய்து, அதாவது ஓடவிட்டுக் கேட்காமல் நேராக ஓர் ஆடியோ ஃபைலாக எடுத்து, அந்த ஃபைலைப் போனில் கேளுங்கள். சுத்தமாக இருந்தால் கோளாறு பிளேபேக்கில் மட்டும்தான், பதிவு பத்திரம். அதிலும் அதே இடத்தில் வெடித்தால் பதிவிலேயே இருக்கிறது. வெட்டி ஒட்டிய இடமென்றால் 5 முதல் 10 மில்லிநொடி கிராஸ்ஃபேட் (முதல் துண்டு தேயத் தேய அடுத்தது ஏறுவது) போதும். குரல் உச்சத்துக்குப் போகும் இடங்களில் மட்டும் கரகரத்தால், மைக் ஒலியைப் பெருக்கும் கெயின் அதிகம். உச்சம் -10 டெசிபலைத் தாண்டாமல் வைத்துத் திரும்பப் பாடவைப்பதே நல்லது.

பிளேபேக் கோளாறு என்றால் பஃபருக்கு வருவோம். லேப்டாப் ஒரு தவணையில் கணக்கிட்டு அனுப்பும் ஒலித் துண்டின் அளவு அது; சாம்பிள் என்ற ஒலிப் புள்ளிகளில் அளப்பார்கள். 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்பது சுமார் 2.7 மில்லிநொடி. அதற்குள் எல்லா டிராக்கையும் பிளக்இன்களையும் (ஒலியை மெருகேற்றும் துணை மென்பொருள்கள்) கணக்கிட்டு, மைக்கையும் ஸ்பீக்கரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸுக்கு அனுப்பியாக வேண்டும். ஒருமுறை தவறினாலும் அங்கே ஓர் ஓட்டை, அதுதான் ‘பட்’. 1024 வைத்தால் 21 மில்லிநொடி அவகாசம். மிக்ஸிங்கில் அதையே வையுங்கள். பதியும்போது 128 அல்லது 256; பஃபர் பெரிதானால் பாடுபவருக்குத் தன் குரல் தாமதமாகக் கேட்கும். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரிங் (குரல் லேப்டாப்புக்குள் போய்வராமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வருவது) இருந்தால் அந்தத் தாமதம் கேட்காது. அப்போது பதியும்போதும் 512 வைக்கலாம்.

டாஸ்க் மேனேஜர் 30 சதவீதம்தானே காட்டுகிறது என்று கேட்பார்கள். அது எல்லா கோர்களின் சராசரி. எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டரில் வரிசையாக அடுக்கிய பிளக்இன்கள் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். அது மட்டும் மூச்சுத் திணறும். அவற்றை மிக்ஸிங் வரை அணைத்து வைத்து, கனமான டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள் (பிளக்இன் வேலையை முன்கூட்டியே முடித்து ஆடியோவாக வைப்பது). டிரைவர், இன்டர்ஃபேஸ் தயாரித்தவர் தரும் ஆசியோ (விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ வழி) டிரைவராக இருக்கட்டும். பொதுவான இலவச டிரைவரான ஆசியோ4ஆல், வேறு வழி இல்லாதபோது மட்டும்.

பஃபரை ஏற்றியும் வெடித்தால், விண்டோஸில் வேறொரு டிரைவர் குறுக்கே நிற்கிறது. லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் என்று காட்டும். வைஃபையும் கிராஃபிக்ஸ் டிரைவரும் வழக்கமான குற்றவாளிகள். பதியும்போது டிவைஸ் மேனேஜரில் வைஃபையை டிசேபிள் செய்துவிடுங்கள். ஏசிபிஐ (பேட்டரி, பவர் நிர்வாகம் தொடர்பான டிரைவர்) என்று காட்டினால், பேட்டரிகள் பிரிவில் ‘மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ கம்ப்ளையன்ட் கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி’யை டிசேபிள் செய்து பார்க்கலாம். அப்போது சார்ஜ் அளவு திரையில் தெரியாது. சார்ஜரைப் போட்டே வையுங்கள், முடிந்ததும் மறக்காமல் எனேபிள் செய்யுங்கள். பவர் பிளானை ஹை பெர்ஃபாமன்ஸுக்கு மாற்றி, யுஎஸ்பி கருவிகளைத் தூங்கவைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். மலிவான ஹப் வேண்டாம். இன்டர்ஃபேஸை நேராக லேப்டாப்பில் செருகுங்கள்.

வெடிப்பு ஒழுங்கான இடைவெளியில், கடிகாரம் அடிப்பதுபோல் வந்தால் பஃபரைத் தொடவே வேண்டாம். டிஜிட்டல் கேபிளில் இணைத்த இரண்டு கருவிகளும் தத்தம் கிளாக்கில் (சாம்பிள்களுக்குத் தாளம் போடும் உள் கடிகாரம்) ஓடுகின்றன என்று பொருள். ஒன்று இன்டர்னல், மற்றது எக்ஸ்டர்னல் என்று வையுங்கள். சாம்பிள் ரேட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

சார்ஜர் போட்டால் மட்டும் ‘ங்ஙீ’ என்ற இரைச்சலா? அது எர்த் சுற்றில் வரும் கோளாறு, மேலே சொன்ன எதற்கும் அடங்காது. பேட்டரியில் ஓட்டி உறுதி செய்துகொண்டு, ஸ்பீக்கர்களுக்கு, வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்லும் யோசனையை மட்டும் கேட்காதீர்கள்; ஷாக் அடித்தால் காப்பாற்றுவது அந்தப் பின்தான்.