'கோ'வை உடைக்கும் குட்டிப் பிரிண்டர்

உப்புவெளியில் பார்மசி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் படமொன்று அனுப்பியிருந்தார். மருந்துப் பையில் ஒட்டும் சின்ன லேபல். ஊரின் பெயர் 'திருகோணமலை' என்று வந்திருக்க வேண்டும். வந்திருப்பதோ சண்டை பிடித்துப் பிரிந்த குடும்பம்: 'க' தனியே நிற்க, அதற்கு வலப்பக்கத்தில் கொம்பும் அரவும் ('ா'). கடைசியில் 'ல'வுக்குப் பின்னால் அநாதையாக ஓர் ஐகாரக் கொம்பு. "கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கு. பிரிண்டரை மாற்றவேணுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம். அந்தப் பிரிண்டர் சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

இந்தப் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றில் மை இல்லை. சூடுபட்டால் கறுக்கும் தாள், அதை அழுத்திக்கொண்டு வரிசையாகப் பொடிச் சூடேற்றிகள் உள்ள ஒரு தலை. மில்லிமீற்றருக்கு 8 புள்ளி. அவ்வளவுதான் இயந்திரம். அதிசயம் எழுத்தைச் சேமிக்கும் விதத்தில் இருக்கிறது.

'கோ' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் 'க்' வருகிறது, பிறகு 'ஓ'. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் குறியீட்டு எண் கொடுக்கும் யூனிகோட் முறையும் அந்த ஒழுங்கில்தான் சேமிக்கிறது: முதலில் 'க', அடுத்து ஓகாரக் குறி. மொத்தம் இரண்டு குறியீடு. இது காதின் ஒழுங்கு. தாளில் எழுதும்போது நாம் என்ன செய்கிறோம்? முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு 'க', பிறகு அரவு. சேமிப்பில் இரண்டாக இருந்தது தாளில் மூன்று துண்டாகிறது. அதுவும் பின்னால் சொன்னதில் பாதி முன்னால் வந்து நிற்கிறது. இது கண்ணின் ஒழுங்கு.

ஈய எழுத்துக் காலத்தில் இந்த இடமாற்றத்தை அச்சுக்கோப்பவர் செய்தார். கையெழுத்துப் பிரதியை வாய்க்குள் வாசித்தபடியே கை கொம்பை எடுக்கும், 'க'வை எடுக்கும், அரவை எடுக்கும். இன்று அந்த மனிதருடைய வேலையைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு மென்பொருள் செய்கிறது. ஹார்ஃப்பஸ் என்பது அதில் பெயர்பெற்ற ஒன்று, இலவசமாகக் கிடைப்பது. அது ஓகாரக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பைத் தூக்கி 'க'வுக்கு முன்னால் வைக்கும். 'ர'வையும் உகரக் குறியையும் கண்டால் இரண்டையும் எடுத்துவிட்டு எழுத்துருவில் உள்ள 'ரு' என்ற ஒரே வடிவத்தை வைக்கும். நீங்கள் கைபேசியில் ஒரு வரி வாசிக்கும்போதுகூட இந்த அச்சுக்கோப்பு வேலை கண்ணுக்குத் தெரியாமல் நடந்து முடிந்திருக்கும். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இந்த அச்சுக்கோப்பவர் சின்னப் பிரிண்டர் பலவற்றுக்குள் இல்லை. விலை கூடிய சில மாதிரிகளில் உண்டு. மற்றவை வந்த குறியீடுகளை வந்த வரிசையில் இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டு போகும். 'க', அடுத்து ஓகாரக் குறி. படத்தில் கண்டது அதைத்தான்.

"பாமினியில் அடித்த காலத்தில் ஒழுங்காக வந்ததே" என்று கேட்பீர்கள். ஆம், வந்தது. பாமினி யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு; அதில் அச்சுக்கோப்பவர் நீங்கள்தான். கொம்புக்கு ஒரு விசை, 'க'வுக்கு ஒரு விசை, அரவுக்கு ஒரு விசை என்று கண்ணின் ஒழுங்கிலேயே அடித்தீர்கள். உள்ளே சேமிக்கப்பட்டது தமிழே அல்ல, தமிழ் முகமூடி போட்ட ஆங்கில எழுத்துகள். அகரவரிசைப்படுத்தச் சொன்னால் குளறும். எழுத்துருவை எடுத்துவிட்டால் முகமூடி கழன்றுவிடும். அதனால் பழையபடி பாமினிக்குத் திரும்புவது தீர்வல்ல.

தீர்வு, அச்சுக்கோப்பு வேலையைக் கம்ப்யூட்டரிலேயே முடித்து, லேபலைப் படமாகப் பிரிண்டருக்கு அனுப்புவது. 50க்கு 25 மில்லிமீற்றர் லேபல் என்றால் 400க்கு 200 புள்ளி, மொத்தம் 80,000. கறுப்பா வெள்ளையா என்று புள்ளிக்கு ஒரு பிட், 8 பிட் ஒரு பைட், ஆக 10,000 பைட். ஒன்றும் பெரிய சுமையில்லை. ஒரு கவனம்: இங்கே சாம்பல் நிறம் கிடையாது. 8 பொயின்ற் எழுத்துக்கு 22 புள்ளி உயரம்தான் கிடைக்கும். மெல்லிய எழுத்துரு போட்டால் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போய், 'உணவுக்கு முன்' என்பது 'முன' ஆகிவிடும். தடித்த எழுத்துருவாகப் பாருங்கள்.

பார்கோடை மட்டும் படமாக இழுத்துச் சுருக்க வேண்டாம். கடைப் பொருட்களின் 13 இலக்கப் பார்கோடு 95 சம பங்குகளால் ஆனது. அதை 240 புள்ளிக்குள் அடக்கச் சொன்னால் ஒரு பங்குக்கு இரண்டரைப் புள்ளி வரும். அரைப் புள்ளிக்கு எங்கே போவது? சில கோடு தடித்து, சில மெலிந்து, ஸ்கேனர் முழிக்கும். பங்குக்கு 2 அல்லது 3 என்று முழுப் புள்ளியாகப் பிரிண்டரே வரையட்டும்.

வாசகரின் இரண்டாவது முறைப்பாடு, நீண்ட பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டு ஒரு பெட்டிக் குறியோடு முடிகின்றன என்பது. 'திருகோணமலை' நமக்கு 6 எழுத்து. யூனிகோடுக்கு 10 குறியீடு. அவற்றைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 30. தரவுத்தளத்தில் அந்தப் பகுதிக்கு 20 பைட் ஒதுக்கியிருந்தால் 'திருகோ' வரை 18 பைட், மீதி இரண்டு பைட் 'ண'வின் முக்கால்வாசிகூட இல்லை. அந்தப் பெட்டி அதுதான். வெட்டத்தான் வேண்டுமென்றால் பைட் கணக்கில் வெட்டாமல் எழுத்துக் கணக்கில் வெட்டச் சொல்லுங்கள். அப்புறம், தொலைபேசி எண்ணை எண்ணாகச் சேமிக்காமல் எழுத்தாகச் சேமியுங்கள். இல்லாவிட்டால் திருகோணமலை எண்களின் தொடக்கமான 026இன் முதல் பூச்சியம் பறந்துவிடும்.

லேபல் மேலும் கீழும் நகர்ந்து அடிப்பது வேறு கதை. இரண்டு லேபலுக்கு நடுவே உள்ள இடைவெளியில் அடித்தாள் மட்டும் இருப்பதால் வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். அதைப் பார்த்துத்தான் சென்சர் லேபலின் தொடக்கத்தை அறியும். என்.சி. வீதியில் ஒரு கடையில் இந்தக் கோளாறைப் பார்க்கப் போனேன். வாணி விழாவுக்கு மூடியைத் திறந்து உள்ளேயும் பொட்டு வைத்திருந்தார்கள். சந்தனம் சரியாகச் சென்சர் கண்ணின் மேல்! துடைத்துவிட்டேன், ஓடியது. முதலாளி மனம் நோகாமல் "வெளியில வையுங்கோ அண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது 1991இல். இன்னும் ஒரு மருந்து லேபலில் ஊரின் பெயர் உடைகிறது. சிங்களத்துக்கும் இதே பாடுதான். வானளாவிய திட்டங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியை எடுத்து, சந்தையில் உள்ள பிரிண்டர்களில் எது தமிழையும் சிங்களத்தையும் ஒழுங்காக அடிக்கிறது என்று சோதிக்க நம் மாணவர்களுக்குக் கொடுத்தால் என்ன?

அதுவரை, வாங்கும் முன் கடையிலேயே 'கொழும்பு, கோணேசர், கௌரி, முன்' என்று ஒரு லேபல் அடித்துப் பாருங்கள். அந்த லேபலை ஒரு நாள் வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் போட்டு வையுங்கள். தாள் கறுத்தால், மூதூருக்குப் போகும் மருந்துக்கு, சூட்டுத் தாள் வேண்டாத, மை ரிபன் போட்டு அடிக்கும் வகைதான் சரி.