பீடத்தில் பெண் இருக்கிறாள், பெயர்தான் இல்லை

ஒருவரை மனசாரப் பாராட்டும்போது "உங்களுக்குச் சிலையே வைக்கலாம்" என்கிறோம். இந்தப் பாராட்டை அதிகம் கேட்டிருப்பவர்கள் பெண்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் உண்மையாகவே சிலை வைக்கும் வேலை என் பட்டறைக்கு வரும்போது அந்தப் பெண்களின் பெயர் வருவதில்லை.

நான் சிற்பி. களிமண்ணில் உருவம் பிடித்து, அச்செடுத்து, மெழுகில் வார்த்து, வெண்கலமாக்கித் தருவது என் தொழில். இருபது வருடங்களில் எத்தனையோ பெண் உருவங்கள் செய்துவிட்டேன். தராசு பிடித்த நீதி, புறாவோடு அமைதி, புத்தகத்தோடு அறிவு, மடியில் குழந்தையோடு தாய். பீடத்தில் பதிக்கும் பலகையில் என்ன எழுதுவது என்று கேட்டால் ஒற்றைச் சொல் சொல்வார்கள், அல்லது எதுவும் வேண்டாம் என்பார்கள். ஆணின் சிலைக்கோ அதே அளவுப் பலகையில் பெயர், பிறந்த ஆண்டு, வகித்த பதவி, செய்த பணி என்று எழுதி இடம் போதாமல் போகும். பிறந்து, வாழ்ந்து, வேலை செய்து மறைந்த ஒரு பெண்ணை அவள் பெயரோடு நான் செய்து கொடுத்தது இதுவரை இரண்டே முறைதான்.

எங்கே எண்ணிப் பார்த்தாலும் கணக்கு இப்படித்தான் வருகிறது. பிரிட்டனில் பதிவில் உள்ள 925 சிலைகளை 2016-ல் கரோலின் கிரியாடோ பெரெஸ் என்ற எழுத்தாளர் கணக்கெடுத்தார். தனியாக நிற்கும் பெண் சிலைகள் 158. உருவகங்களையும் அரச குடும்பத்தாரையும் கழித்த பிறகு, வரலாற்றில் வாழ்ந்த பெண்கள் மொத்தத்தில் 2.7 சதவீதம்தான். அமெரிக்காவில் மானுமென்ட் லேப் என்ற அமைப்பு ஏறக்குறைய 50,000 நினைவுச் சின்னங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதிகம் சிலை வைக்கப்பட்ட 50 பேரில் பெண்கள் 3 பேர்: பிரெஞ்சுப் போர் வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க், அடிமைகளைத் தப்ப வைத்த ஹாரியட் டப்மன், பயணக் குழுவொன்றுக்கு உதவிய பூர்வகுடிப் பெண் சகாஜவேயா. அந்த அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கடற்கன்னிகளின் சிலைகள் 22, அந்நாட்டு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த பெண்களின் சிலைகள் 2. கடலில் இல்லாத பெண்ணுக்கு இருக்கும் இடம் அவையில் உட்கார்ந்து சட்டம் இயற்றிய பெண்ணுக்கு இல்லை என்பதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

பெண் உருவத்தை உயரத்தில் வைப்பதும் பெண்ணை மதிப்பதும் ஒன்றல்ல. நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலையை 1886 அக்டோபர் 28 அன்று திறந்தார்கள். உலகமே அறிந்த பெண் சிலை அது. அன்று அந்த நாட்டின் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை இல்லை. திறப்பு விழா நடந்த தீவில் பெண்களுக்குப் பெரும்பாலும் இடமும் இல்லை. வாக்குரிமைக்காகப் போராடிய பெண்கள் ஒரு படகை வாடகைக்கு எடுத்து, அதில் இருந்தபடியே எதிர்ப்புச் சொன்னார்கள். அதே நகரத்தின் சென்ட்ரல் பார்க்கில் ஆலிஸ் இருந்தாள், ஜூலியட் இருந்தாள். இருவருமே கற்பனை. உண்மையில் வாழ்ந்த பெண்களின் சிலை அங்கே வந்தது 2020-ல்தான். பெண்ணுரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆன்டனி, எலிசபெத் கேடி ஸ்டான்டன், சோஜர்னர் ட்ரூத் என மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி இருக்கும் சிலை அது. முதல் வடிவமைப்பில் வெள்ளைக்காரப் பெண்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். கறுப்பினப் பெண்கள் எங்கே என்ற கேள்வி எழுந்த பிறகுதான் சோஜர்னர் ட்ரூத் சேர்ந்தார். ஒரு குறையைச் சரிசெய்யும்போதே இன்னொரு குறை உள்ளே வந்துவிடும் என்பதால், இந்த விவரத்தை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடுவதில்லை.

"தகுதியான பெண்கள் அந்தக் காலத்தில் இல்லையே, அதனால்தானே சிலையும் இல்லை?" என்று நல்ல மனசோடு கேட்பவர்கள் உண்டு. நகரங்களில் நாம் பார்க்கும் பழைய சிலைகளில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டிலும் அதை ஒட்டியும் வைக்கப்பட்டவை. அப்போது சிலைக்கான தகுதி என்பது பெரும்பாலும் பதவி: தளபதி, அமைச்சர், நீதிபதி, ஆளுநர். அந்த நாற்காலிகளில் பெண் உட்காரவே முடியாது. பதவியைத் தடுத்துவிட்டு, பதவி இல்லாததால் சிலை இல்லை என்று சொல்வது நியாயமா? மேரி கியூரிக்கு 1903-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1911-ல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்க மறுத்தது. அதே ஆண்டு இரண்டாவது நோபலும் வந்தது. அவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள் எந்தப் பட்டியலில் ஏறியிருப்பார்கள்?

இத்தாலியின் பதுவா நகரச் சதுக்கம் ஒன்றில் வட்டமாக 78 சிலைகள் நிற்கின்றன. எல்லாம் ஆண்கள். அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் 1678-ல் எலேனா கொர்னாரோ பிஸ்கோபியா முனைவர் பட்டம் பெற்றார். அப்படிப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று உலகம் அவரை அறியும். அந்தச் சதுக்கத்தில் இரண்டு பீடங்கள் காலியாகவே இருக்கின்றன. அதில் ஒன்றில் எலேனாவை நிறுத்தலாம் என்று 2021 கடைசியில் நகரமன்றத்தில் யோசனை வந்தது. சதுக்கத்தின் வரலாற்று வடிவத்தைக் கலைக்கக் கூடாது என்று எதிர்ப்பும் உடனே வந்தது. பழமையைக் காப்பாற்ற நினைப்பவர்களின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை, பழைய சிலைகளைப் பழுதுபார்க்கும் வேலையும் செய்பவள் நான். ஆனாலும் காலியாகக் கிடக்கும் பீடத்தில் ஒரு பெண் ஏறினால் வரலாறு கெட்டுவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

என் கைக்கு வந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். நாற்பது ஆண்டுகள் பள்ளி நடத்திய ஓர் ஆசிரியை. ஊரும் பெயரும் வேண்டாம். சிலைக் குழு என்னிடம் கொடுத்தது ஒரே ஒரு புகைப்படம். வரிசையாக நிற்கும் கூட்டத்தில் ஓர் ஓரமாக, பக்கத்தில் இருப்பவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம். ஆணுக்குச் சிலை செய்யும்போது மேடையில் பேசுவது, மேசையில் எழுதுவது, பக்கவாட்டு முகம் என்று கட்டுக் கட்டாகப் படம் வரும். பெண்ணுக்கு விசேஷ நாள் படம் இருக்கும், வேலை செய்யும் படம் இருக்காது. கை எப்படி இருந்தது, எப்படி நின்றார், எதைப் பிடித்திருந்தார் என்று எதுவும் தெரியாமல், களிமண்ணை உள்ளே தாங்கும் கம்பிக்கூடு கட்டவே முடியாது. உடம்பின் எடை எந்தக் காலில் விழுகிறது என்பதை முதல் நாளே தீர்மானிக்க வேண்டிய தொழில் இது.

சிறு மாதிரியைப் பார்க்க வந்த குழு, திருத்தங்களை வரிசையாகச் சொன்னது. கொஞ்சம் வயதைக் குறைக்க வேண்டும். நெற்றிச் சுருக்கம் வேண்டாம். லேசான புன்னகை வேண்டும். பக்கத்தில் ஒரு குழந்தையை நிறுத்தினால் தாய்மை தெரியும். அதே ஆண்டு ஒரு முதியவரின் சிலைக்கு வேறொரு குழு வந்திருந்தது. அவர்கள் கேட்டது நேர்மாறு: சுருக்கத்தை இன்னும் ஆழமாகக் கீறுங்கள், அனுபவம் தெரிய வேண்டும் என்றார்கள். அவரை யாரும் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை.

லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் 2018 ஏப்ரல் 24 அன்று மில்லிசென்ட் ஃபாசெட்டின் சிலை திறக்கப்பட்டது. அங்கே அதுவரை 11 சிலைகள் இருந்தன, ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. சிற்பி ஜில்லியன் வேரிங் அவரை 50 வயதுப் பெண்ணாகவே செய்தார். பெண்கள் வாக்குரிமை இயக்கத்துக்கு அவர் தலைமை ஏற்ற வயது அது. சாதாரணக் கோட்டு, இறுக்கமான முகம், கையில் ஒரு பதாகை. பீடத்தைச் சுற்றி அந்தப் போராட்டத்தில் இருந்த 59 பேரின் பெயரும் முகமும். என் குழுவிடம் இந்தப் படத்தைத்தான் காட்டினேன். குழந்தையைச் சேர்க்கும் பேச்சு அன்றோடு நின்றது.

வெண்கலம் பொய் சொல்லாது. கை படாத இடம் காலப்போக்கில் களிம்பேறிக் கறுக்கும், அடிக்கடி கை படுகிற இடம் தேய்ந்து தங்கம்போல மின்னும். வெரோனாவில் ஜூலியட் சிலையின் மார்பைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. வருடக்கணக்காகக் கைகள் பட்டுப் பட்டு சிலை சேதமடைந்து, 2014-ல் மூலச் சிலையை உள்ளே எடுத்து வைத்துவிட்டு நகலை நிறுத்தினார்கள். அயர்லாந்தின் டப்ளினில், ஒரு நாட்டுப்பாடலில் வரும் மாலி மலோனின் சிலையிலும் மின்னுவது அதே இடம்தான். இரண்டும் கதைப் பெண்கள். பழுதுபார்க்க வரும் பெண் சிலைகளில் நான் முதலில் பார்ப்பது எந்த இடம் மின்னுகிறது என்பதைத்தான். பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பெண்கல்விக்காக எழுதியவர். அவருக்கான சிற்பம் 2020-ல் லண்டனில் திறக்கப்பட்டபோது உச்சியில் இருந்தது ஒரு நிர்வாணப் பெண் உருவம். அது அவரல்ல, பொதுவான பெண் என்று விளக்கம் சொன்னார்கள். சிற்பியின் சுதந்திரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எழுத்தாளரான ஆணுக்குச் சிலை கேட்டால் நாம் பேனாவையும் மேசையையும் நினைக்கிறோம். பெண்ணுக்கு மட்டும் ஏன் உடலிலிருந்து தொடங்குகிறோம்?

"சிலைக்குச் செலவழிப்பதைப் பெண்பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கலாமே" என்ற பேச்சும் வரும். படிப்புக்குப் பணம் வேண்டும்தான், மறுப்பே இல்லை. ஆனால் ஆண் சிலைகளுக்காக நான் உட்கார்ந்த எந்தக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை.

நடக்கக்கூடியதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: கிரிமியப் போரில் காயம்பட்டவர்களைக் கவனித்த மேரி சீகோலுக்கு லண்டன் மருத்துவமனை ஒன்றின் தோட்டத்தில் 2016-ல் சிலை வந்தது. அதற்காக 12 ஆண்டுகள் பாடுபட்டார்கள். காற்றை எதிர்த்து எட்டி நடக்கிற சிலை அது. மெல்போர்னில் 1969-ல் சம ஊதியம் கேட்டு அரசுக் கட்டடக் கதவில் தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்ட ஜெல்டா டிஅப்ரானோ, 2023-ல் வெண்கலமானார். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸில் புதைபடிவங்களைத் தேடி எடுத்த மேரி ஆனிங்கின் சிலைக்கான முயற்சியை ஆரம்பித்தது ஒரு பள்ளிச் சிறுமி. 2022-ல் சிலை வந்துவிட்டது.

நீங்கள் ஏதாவது ஒரு சிலைக் குழுவில் இருந்தால், அல்லது இருப்பவரைத் தெரிந்தால், வேலை சிற்பியிடம் வருவதற்கு முன்பே பேசுங்கள். ஆளுயர வெண்கலச் சிலைக்கு எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், களிமண் கட்டம் தாண்டிவிட்டால் மாற்றுவது கடினம். யாருக்குச் சிலை என்ற பட்டியலில் பெண் பெயர்கள் இருக்கின்றனவா? இருந்தால், பெயரோடும் வேலையோடும் இருக்கின்றனவா, அல்லது யாரோ ஒருவரின் மனைவியாகவும் தாயாகவும் மட்டுமா? முடிவெடுக்கும் குழுவிலேயே பெண்கள் உண்டா? பீடத்துப் பலகையில் என்ன எழுதப்போகிறோம் என்பதை எழுதி வைத்துவிட்டு வடிவத்தைப் பேச ஆரம்பித்தால் பாதித் தவறுகள் நடக்காது. நூறு பெண்களின் பெயரை ஒரே சுவரில் அடித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போவதையும் ஏற்காதீர்கள்.

இன்னொரு வேலைக்கு எந்தக் குழுவும் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த பெண்களை அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது படம் எடுங்கள். ஆய்வகத்தில், வகுப்பறையில், மைக்கின் முன்னால். படத்தின் பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதுங்கள்.

அந்த ஆசிரியையின் களிமண் உருவம் முடிகிற நேரத்தில், அவரிடம் படித்த ஒரு பாட்டி பட்டறைக்கு வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் எதுவும் குறை சொல்லவில்லை. வலது கையில் நான் வைத்திருந்த சாக்பீஸை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர் இடது கையாலதாம்மா எழுதுவாங்க. வலது கை எப்பவும் எங்க நோட்டு மேல இருக்கும்."

அன்று சாயங்காலமே இரண்டு கைகளையும் தோளோடு வெட்டி எடுத்துவிட்டு, புதிதாகக் கம்பி கட்ட ஆரம்பித்தேன்.