பக்கெட்டில் அச்சிட்ட விலை அரசாங்கம் போட்ட விலை அல்ல

"அரசாங்கம் போட்ட விலைதானே, கடைக்காரர் என்ன செய்வார்?" கொழும்பில் நுகர்வோர் முறைப்பாடுகளைக் கையாளும் எவரும் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். வங்கியில் வேலை செய்பவர்கள், கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்கள்கூட இப்படித்தான் சொல்கிறார்கள். ஆகவே ஒருமுறை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மிளகாய்த்தூள் பக்கெட்டின் பின்புறத்தில் ஆகக்கூடிய சில்லறை விலை என்று இருக்கும் தொகையை அரசாங்கம் தீர்மானிப்பதில்லை. உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோதான் தீர்மானிக்கிறார். விலையை அச்சிட வேண்டும், அச்சிட்டதற்கு மேல் விற்கக் கூடாது. சட்டம் கேட்பது இவ்வளவுதான். எவ்வளவு அச்சிடுவது என்பது அவர்கள் விருப்பம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வர்த்தமானியில் உச்ச விலை அறிவித்த சில பொருட்கள் மட்டும்தான் வேறு. 2024 டிசம்பரில் உள்ளூர் நாட்டரிசிக்கு கிலோ 230 ரூபா, பச்சையரிசிக்கு 220, சம்பாவுக்கு 240, கீரிச் சம்பாவுக்கு 260 என்று அறிவித்தது அந்த வகை. 2025 ஏப்ரலில் அரை லீற்றர் போத்தல் தண்ணீருக்கு 70, ஒரு லீற்றருக்கு 100 என்று அறிவித்ததும் அதே வகைதான். சவர்க்காரம், பிஸ்கட், நூடில்ஸ், மசாலாத்தூள், ஷாம்பு என்று உங்கள் கூடையில் கிடக்கும் பெரும்பாலானவற்றுக்கு அப்படி எந்த வர்த்தமானியும் இல்லை.

அந்தத் தொகை எப்படி வருகிறது? கீழே உள்ள எண்கள் உதாரணத்துக்கு, ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். 250 கிராம் மிளகாய்த்தூளை அரைத்து, பொதி செய்து, தன் இலாபத்தையும் சேர்த்து ஒரு சிறு உற்பத்தியாளருக்கு 300 ரூபா கைக்கு வந்தால் போதும் என்று வையுங்கள். சந்திக் கடைகளுக்கு மட்டும் கொடுப்பதென்றால் கடைக்காரருக்கு 12 சதவீதம், வானுக்குக் கொஞ்சம் என்று 350 ரூபா அச்சிட்டால் காணும். சுப்பர் மார்க்கட் ராக்கையில் ஏற வேண்டுமென்றால் 25 சதவீதம் மார்ஜின், அதாவது அச்சிட்ட விலையில் கடை எடுக்கும் பங்கு. வருட முடிவில் ரிபேட் என்று கடைக்குத் திருப்பிக் கொடுப்பது 3 சதவீதம். திகதி கிட்டியதையும் கிழிந்ததையும் திருப்பி எடுப்பதில் இன்னொரு 2. மொத்தம் 30 சதவீதம் போய்விட்டது. இப்போது அதே 300 ரூபா கைக்கு வர 430 அச்சிட வேண்டும்.

இன்னும் முடியவில்லை. காசு வர 60 நாள், அந்த 60 நாளுக்கும் வங்கி வட்டி. புதுப் பொருளைப் பட்டியலில் சேர்க்கக் கட்டணம். கண்மட்டத் தட்டுக்கும் வரிசையின் முனைக்கும் தனியாகக் காசு. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று வாரக் கடைசியில் தொங்கும் பலகையின் செலவும் பெரும்பாலும் உற்பத்தியாளரின் தலையில்தான் விழுகிறது. இத்தனையையும் தாங்க அவருக்கு இருக்கும் ஒரே வழி, அச்சிடும் தொகையை ஏற்றுவது.

ஒரே பக்கெட்டுக்கு இரண்டு விலை அச்சிடவும் முடியாது. குறைந்த விலை போட்டது வெளியே புழங்கினால் சுப்பர் மார்க்கட்டின் கொள்வனவு மேலாளரிடமிருந்து அழைப்பு வரும். ஆகவே கொச்சிக்கடை ஒழுங்கைக்குள் இருக்கும் கடைக்கும் 430 ரூபா பக்கெட்தான் போகிறது. சுப்பர் மார்க்கட் வாசலை மிதிக்காதவரும் அதன் கொள்வனவுப் பலத்துக்குக் காசு கட்டுகிறார். "நான் அங்கே போவதே இல்லை, எனக்கென்ன" என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாட்டின் பலசரக்கு வியாபாரத்தில் பெரும்பங்கு இன்னும் சிறிய கடைகளிடம்தான் இருக்கிறது. ஆனால் பொதி செய்த பொருளின் விலை எங்கே தீர்மானமாகிறது என்பது வேறு விஷயம்.

எல்லாப் பழியும் ராக்கையின் மேல் அல்ல. 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவைச் சற்றுத் தாண்டி இருந்தது, மே மாதம் 360 அளவில் நின்றது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 94.9 சதவீதம். வற் வரி 8 சதவீதத்திலிருந்து படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. பணவீக்கம் குறைந்தது என்று செய்தி வந்ததும் "அப்படியென்றால் விலை ஏன் இறங்கவில்லை" என்று கேட்கிறீர்கள். ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏறியது ஏறினபடியே நிற்கிறது. டொலர் இறங்கிய பிறகும் விலை இறங்காமல் இருப்பதற்குத்தான் போட்டி இல்லாமை காரணமாகிறது. விற்பவர்கள் சிலர் என்றால் முதலில் குறைக்க யாருக்கும் அவசரமில்லை. கோதுமை மாவில் இரண்டு பெரிய ஆலைகள், பால்மாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய இறக்குமதியாளர்கள், அரிசியில் பொலன்னறுவையின் சில பெரிய ஆலைகள் என்று எல்லா இடத்திலும் இதே நிலைதான்.

சட்டம் இதைப் பார்க்காதா? 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் ஏகபோகத்தையும் நிறுவன இணைப்பையும் விசாரிக்க அதிகாரம் இருந்தது. அதை நீக்கி வந்த 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் போட்டிக்கு எதிரான நடத்தையை விசாரிக்கலாம், ஆனால் இணைப்பைத் தடுக்கும் பகுதி கைவிடப்பட்டது. பங்குச் சந்தைக் கம்பனிகளைக் கையேற்பதற்கு ஒரு விதிக்கோவை இருக்கிறது, அது பங்குதாரரைக் காக்கும். சாமான் வாங்குபவரைக் காக்காது. இந்த ஓட்டையைப் பற்றி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். அரிசி விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கழிவு எவ்வளவு சதவீதம் என்று பார்ப்பதை நிறுத்துங்கள். போன மாதம் 420 ரூபா அச்சிட்டிருந்த சவர்க்காரத்தூளுக்கு இந்த மாதம் 500 அச்சிட்டு, 20 சதவீதம் கழித்து 400க்குத் தந்தால் உங்களுக்கு மிஞ்சியது 20 ரூபா. அதாவது ஐந்து சதவீதம்கூட இல்லை. வீட்டில் அடிக்கடி வாங்கும் பதினைந்து, இருபது சாமானின் விலையை ஒரு கொப்பியிலோ கைபேசியிலோ எழுதி வையுங்கள். எழுதும்போது 100 கிராமுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள், பக்கெட்டுக்கு எவ்வளவு என்று வேண்டாம். 200 கிராம் பிஸ்கட் விலை மாறாமல் 170 கிராமாகச் சுருங்கினால் அது கிட்டத்தட்ட 18 சதவீத விலையேற்றம். பெரிய பக்கெட் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் வேண்டாம், வகுத்துப் பாருங்கள்.

சந்திக் கடையில் விலை கேளுங்கள், பேசுங்கள். 430 அச்சிட்ட பக்கெட்டில் அவருக்குப் பத்து இருபது குறைக்க இடம் இருக்கிறது. கேட்டால்தான் குறைப்பார். பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கினால் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் வரும் செலவு கட்டும். ஒருவருக்கு இரண்டு கிலோ வாங்க முச்சக்கர வண்டி பிடித்துப் போகாதீர்கள். மரக்கறிக்கு நாரஹேன்பிட்டி பொருளாதார மத்திய நிலையத்தின் விலையை ஒருதரம் பார்த்துவிட்டு, அதன் பிறகு வங்கிக் கார்டுக்கு சுப்பர் மார்க்கட்டில் கிடைக்கும் 25 சதவீதக் கழிவை மதிப்பிடுங்கள். அந்தக் கழிவுக்கு ஆகக்குறைந்த பில் தொகையும் உச்ச வரம்பும் இருக்கும். தொகையை எட்டுவதற்காகக் கூடையை நிரப்பினால் நட்டம் உங்களுக்குத்தான்.

ராக்கையில் ஒட்டியிருக்கும் விலையும் கணினியில் இருக்கும் விலையும் வேறுபடுவது அடிக்கடி நடக்கிறது. கழிவு தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் அதிகம். ராக்கையில் உள்ள விலைச் சீட்டைப் படம் எடுங்கள். காசு கட்டுவதற்கு முன்பே காசாளரிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள், வாசலில் நின்று பில்லைப் பார்த்துப் பயனில்லை. பில்லையும் அன்றே படம் எடுங்கள், வெப்பத்தாளில் எழுத்து சில வாரங்களில் வெளிறிவிடும். வெளிறிய தாளோடு வருபவருக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அச்சிட்ட விலைக்கு மேலோ வர்த்தமானி விலைக்கு மேலோ எடுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். நட்டத்துக்குப் பரிகாரம் வேண்டுமென்றால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வர்த்தமானி விலையை மீறினால், 2021 திருத்தத்தின்படி தனிநபருக்குக் குறைந்தது ஒரு இலட்சம் ரூபா, நிறுவனத்துக்கு ஐந்து இலட்சம் ரூபா தண்டம். "பத்து ரூபாவுக்காகவா" என்று விட்டுவிடுகிறீர்களே, அந்தப் பத்து ரூபா ஒரு நாளில் எத்தனை பேரிடம் எடுக்கப்படுகிறது?

கடைசியாக வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடிவீடுகளில் தனியே இருக்கும் அம்மா அப்பாவுக்கு முழங்கால் வலி, லிஃப்டில் இறங்கினால் எட்டும் ஒரே கடையில்தான் எல்லாம் வாங்குகிறார்கள். அவர்களைக் கோபிக்காதீர்கள். மாதத்தில் ஒருமுறை பில்லின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள், நிறையையும் விலையையும் நீங்கள் வகுத்துப் பாருங்கள். பக்கத்துச் சில்லறைக் கடைக்காரரின் தொலைபேசி எண்ணையும் எடுத்து வையுங்கள். அரிசியும் தேங்காயும் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்க அவர் பெரும்பாலும் தயாராகவே இருப்பார்.