பூனைக்கு மூக்கடைத்தால் சாப்பாடு ஏன் இறங்குவதில்லை?

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூரில் விடிகாலை வெப்பநிலை 15 டிகிரிப் பக்கம் வந்துவிடும், அல்சூர், மர்பி டவுன் வீடுகளில் ஜன்னல்கள் மூடியே கிடக்கும், ஆளுக்கொரு தும்மல், கூடவே பூனையும் தும்மும். நம் சளிதான் அதற்கும் ஒட்டிக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பூனைச் சளிக்கு முக்கியக் காரணம் பூனைகளுக்கே உரிய இரண்டு வைரஸ்கள், பூனை ஹெர்பிஸ், பூனை கலிசி. அவை இன்னொரு பூனையிடமிருந்து வருபவை. சில சமயம் பாக்டீரியாவும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

நமக்கு மூக்கடைத்தால் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். பூனையால் அது முடியாது. அது மூக்கால் மூச்சு விடுவதற்கே பழகிய உயிர். அதோடு எதைச் சாப்பிடலாம் என்று முடிவு செய்வதும் அந்த மூக்குதான். அதன் நாக்கில் சுவை மொட்டுகள் சில நூறுதான் இருக்கின்றன, நமக்கோ பல ஆயிரம். இனிப்பை உணரும் ஏற்பி பூனையிடம் வேலையே செய்வதில்லை என்பதும் 2005-ல் தெரிந்துவிட்டது. ஆக, வாசனை வரவில்லையென்றால் தட்டில் இருப்பது உணவு என்றே அதற்குத் தோன்றாது.

அந்த மூக்கின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் வைத்தியம் முழுக்க அதை ஒட்டித்தான் இருக்கிறது. பூனையின் குட்டி முகத்துக்குள், பாயைச் சுருட்டி வைத்தது போல மெல்லிய எலும்புச் சுருள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றின் மேல் ஈரமான சவ்வு. உள்ளே போகும் காற்று இரண்டாகப் பிரிகிறது: ஒரு பங்கு கீழ்ப்பாதையில் மெதுவாகப் போய்ச் சூடாகி, ஈரமாகி, தூசி நீங்கி நுரையீரலுக்கு இறங்குகிறது. இன்னொரு பங்கு மேல்பாதையில் விரைவாக ஓடி, மூக்கின் பின்கோடியில் இருக்கும் வாசனை உணரும் பகுதிக்குப் போய், அங்கே பல சுருள் பாதைகளில் பரவுகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனை மூக்கைக் கணினியில் முப்பரிமாணமாக அமைத்து இதை 2023-ல் காட்டினார்கள். அதே அளவு மூக்கில் பாதை நேர்க்குழாயாக இருந்திருந்தால் கிடைக்கும் திறனைப் போல நூறு மடங்குக்கும் மேல் இந்தச் சுருளமைப்பு வேலை செய்கிறதாம்.

இவ்வளவு நுணுக்கமான பாதை இவ்வளவு குறுகலாகவும் இருப்பதுதான் சிக்கல். பூனையின் உடல் வெப்பநிலை 38-லிருந்து 39 டிகிரி சொச்சம், மூக்குக்குள் அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஹெர்பிஸ் வைரஸுக்கு அந்தக் குளுமைதான் பிடிக்கும். அங்கே பெருகி, சவ்வின் செல்களை அழிக்கிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து சவ்வு வீங்குகிறது, சளி பெருகுகிறது, அது காயக் காயக் கெட்டியாகி வழியை அடைக்கிறது. தொற்று கடுமையாக இருந்தால் எலும்புச் சுருளே அரித்துப் போகும். சில பூனைகளுக்கு ஆயுள் முழுக்க மூக்கு ஒழுகிக்கொண்டே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாப்பாடு நின்றால் என்ன ஆகும்? பூனை பட்டினி கிடக்கும்போது உடல் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வந்து குவிகிறது. அவ்வளவையும் கையாள பூனையின் கல்லீரலால் முடியாது, கொழுப்பு அங்கேயே தேங்கி மஞ்சள் காமாலை வரை போகும். குண்டுப் பூனைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம், இரண்டு மூன்று நாள் பட்டினியே போதும். அதனால்தான் "சளிதானே, தானாகச் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

"அக்கா, பூனைக்கு மூக்கடைச்சிருக்கு, கொஞ்சம் விக்ஸ் தடவட்டா?" என்று மாடி வீட்டுப் பெண் கேட்டாள். நம் வீடுகளில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், வேண்டவே வேண்டாம். கற்பூரம், நீலகிரித் தைலம், மென்தால் எல்லாமே பூனைக்கு நஞ்சு, தடவினால் நக்கியே தீரும். இவற்றில் பலதை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகள் பூனையிடம் மிகக் குறைவு. இதே காரணத்தால்தான் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும், அரை மாத்திரைகூடக் கூடாது. நமக்கான மூக்கடைப்புச் சொட்டு மருந்தையும் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், ஊதுவத்தி இதெல்லாம் பூனை தேறும் வரை அந்த அறைக்குள் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது ஈரம் கொடுப்பதுதான். ஆவி வீக்கத்தைப் பெரிதாகக் குறைக்காது, ஆனால் காய்ந்த சளியை இளக்கும், இளகினால் சவ்வில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் அதைத் தள்ளி வெளியேற்றும், பூனையும் தும்மித் தள்ளிவிடும். குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீரைத் திறந்துவிட்டு, பூனையோடு பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. உள்ளேயே கேஸ் கீசர் இருக்கும் குளியலறையில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. மூடிய அறையில் அது கார்பன் மோனாக்சைடைக் கக்கும், அது பூனையோடு சேர்த்து உங்களையும் கொல்லும். போர்வை போட்டுக் கொதிக்கும் பாத்திரத்தில் முகத்தைக் காட்டும் நம் முறையும் வேண்டாம், துள்ளினால் வெந்துவிடும். வீட்டில் நெபுலைசர் இருந்தால் வெறும் சலைன், அதாவது மருந்து கலக்காத உப்புநீர், ஊற்றி, பூனைக் கூடையின் பக்கத்தில் ஓடவிடலாம்.

மூக்கின் வெளியே காய்ந்திருப்பதை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடையுங்கள், பிய்க்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் 0.9 சதவீத சலைன் சொட்டு கிடைக்கும், இங்க் ஃபில்லரில் எடுத்து ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு சொட்டு விடலாம். சோடியம் குளோரைடு தவிர வேறு மருந்து அதில் கலந்திருக்கிறதா என்று லேபிளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

துடைத்த கையோடு உணவை வையுங்கள், மூக்கு திறந்திருக்கும் நேரம் அதுதான். சூடான உணவிலிருந்து வாசனை மூலக்கூறுகள் அதிகம் ஆவியாகும், ஆகவே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ரஸல் மார்க்கெட்டில் மத்தி கிடைத்தால் உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, அந்தத் தண்ணீரோடு கொடுங்கள். மீன் குழம்பு கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உணவருகே ஆசையாக வந்து, வாய் வைத்தவுடன் பின்வாங்கினால், எச்சிலும் வழிந்தால், வாய்க்குள் புண் இருக்கலாம், அது கலிசி வைரஸின் அடையாளம்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ ஆனாலும், கண் திறக்க முடியாமல் போனாலும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பக்கத் துவாரத்தில் மட்டும் ஒழுகினால் அது வெறும் சளியாக இல்லாமல் போகலாம், உள்ளே புல் சிக்கியிருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம், பல் வேரில் சீழ் இருக்கலாம். மருத்துவர் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினால், கொடுத்த பிறகு கொஞ்சம் தண்ணீரோ உணவோ உள்ளே போக வேண்டும், தொண்டைக்குழாயில் ஒட்டினால் அது புண்ணாக்கும். ஹெர்பிஸை அடக்கும் என்று பலர் உணவில் கலந்து கொடுக்கும் லைசின் என்ற அமினோ அமிலப் பொடி பற்றியும் கேட்கிறார்கள். 2015-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பலன் இல்லை, நிறுத்துங்கள் என்றே எழுதினார்கள்.

அப்புறம், ஹெர்பிஸ் போய்விடுவதில்லை. முகத்து நரம்பின் முடிச்சில் ஒளிந்துகொள்ளும், பூனை மிரண்டால் மறுபடி எழும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பூனையை போர்டிங்கில் விட்டுவிட்டுத் திரும்பினால், ஒரு வாரம் கழித்துத் தும்மல் தொடங்குவது இதனால்தான். முடிந்தால் பழகிய ஒருவரை வீட்டுக்கே வந்து சாப்பாடு வைக்கச் சொல்லுங்கள். தடுப்பூசி தொற்றை முழுதாகத் தடுக்காது, ஆனால் கடுமையைக் குறைக்கும், குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கலாம். வீட்டில் இரண்டாவது பூனை இருந்தால் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் தனித்தனியாக இருக்கட்டும், நோயுற்றதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மற்றதைத் தூக்குங்கள்.