கொக்கி போட்டுப் பிடித்த உளவுப் படங்கள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகருக்குப் பக்கத்தில் விமானப்படையின் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் விண்வெளிக் கூடத்தில் 18 மீட்டர் நீள உருளை ஒன்று கிடக்கும். பெயர் ஹெக்ஸகன், அமெரிக்காவின் உளவுச் செயற்கைக்கோள்.  இந்த வகைச் செயற்கைக்கோள்கள் பறந்தது 1971 முதல். 2011 செப்டம்பர் வரை இது அரசாங்க ரகசியம்.

கேமராவை விட எனக்குச் சுவாரசியம், எடுத்த படம் தரைக்கு வந்த விதம். அவ்வளவு நுணுக்கமான படத்தை ரேடியோ அலையில் அனுப்ப அன்று வழியில்லை. அதனால் பிலிமையே கீழே இறக்கினார்கள். ஹெக்ஸகனுக்குள் ஏறக்குறைய 95 கிலோமீட்டர் பிலிம். அதைச் சுருட்டி அனுப்ப நான்கு கலங்கள்.

கலம் பிரிந்ததும் முதலில் பம்பரமாகச் சுழல விடுவார்கள். அப்போதுதான் திசை பிசகாது. பிறகு ஒரு சிறு ராக்கெட் எதிர்த்திசையில் எரிந்து வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். கொஞ்சம் போதும், மீதி வேலையைக் காற்றுமண்டலம் பார்த்துக்கொள்ளும். வெப்பக் கவசம் கருகி உதிர்ந்து, சூட்டையும் கூடவே கொண்டுபோய்விடும். அப்புறம் பாராசூட்.

ஹவாய் அருகே விமானம் காத்திருக்கும். பின்கதவு வழியாக நீட்டிய இரண்டு கம்பங்களுக்கு நடுவே கொக்கிகள் கட்டிய கயிறு தொங்கும். கிணற்றில் விழுந்த வாளிக்குப் பாதாளக் கரண்டி போடுவோமே, அதையே வானத்தில் செய்வதுதான். விமானி பாராசூட்டின் தலைக்கு மேலே உரசுவதுபோல் பறக்க வேண்டும். துணியில் கொக்கி மாட்டினால், கயிறு சுற்றும் இயந்திரமான வின்ச் சுற்றி இழுத்துவிடும். 1960 ஆகஸ்ட் 19 அன்று விமானி ஹெரால்ட் மிட்செல் மூன்றாவது சுற்றில் இப்படி ஒன்றைப் பிடித்தார். ஹெக்ஸகனுக்கு முன்னோடியான கொரோனா என்ற உளவுச் செயற்கைக்கோள் திட்டத்தின் கலம் அது. உள்ளே இருந்தது சுமார் 9 கிலோ பிலிம். யு-2 உளவு விமானங்கள் அதுவரை எடுத்த எல்லாவற்றையும் விட அதிகமான சோவியத் நிலப்பரப்பு அதில் பதிவாகியிருந்தது. மிட்செல் ஓட்டிய சி-119 விமானமும் டேட்டனில்தான் இருக்கிறது.

தவறிக் கடலில் விழுந்தால்? கலம் மிதக்கும், கப்பல் போய் எடுக்கலாம். ஆனால் கொரோனா கலத்தின் அடியில் உப்பால் செய்த ஒரு அடைப்பு வைத்திருந்தார்கள். ஓரிரு நாளில் அது கரைந்துவிடும். தண்ணீர் புகுந்து கலம் மூழ்கும், வேறு யார் கையிலும் சிக்காது. மின்சாரம் வேண்டாம், கட்டளை வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான்.

1971இல் முதல் ஹெக்ஸகனின் மூன்றாவது கலம் பாராசூட் கோளாறால் பசிபிக்கில் விழுந்து, சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. மறு ஆண்டு டிரியெஸ்டி-2 என்ற ஆழ்கடல் கலம் இறங்கித் தூக்கியது. மேலே வரும் வழியிலேயே பிலிம் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது.

1976 டிசம்பரில் படத்தை மின்னணு முறையில் நேரடியாக அனுப்பும் கேஎச்-11 என்ற உளவுச் செயற்கைக்கோள் வந்தது. ஆனாலும் ஒரே வீச்சில் பரந்த நிலத்தை அள்ளுவதில் பிலிம்தான் கெட்டிக்காரன் என்பதால் ஹெக்ஸகனை விடவில்லை. 1986 ஏப்ரலில் கடைசி ஹெக்ஸகன் ராக்கெட்டோடு வெடித்துச் சிதறும் வரை அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.